முப்பத்தாறு கேள்வியும் ஒரு சாக்கு மிளகும்

தெஹிவளை
12.08.2024

என் தாத்தா ருக்கியாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் நான் நல்ல சுகம். உம்மாவின் முழங்கால் எப்படி? அஸ்ஃபர் மச்சானின் ஸ்கூல் வேன் தானாக ஸ்டார்ட் ஆகிறதா, இன்னும் பிள்ளைகள் இறங்கித் தள்ளுகிறார்களா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்க வேண்டாம். நேற்றுப் போனில் நாற்பது நிமிஷம் பேசினோம். அதில் நீங்கள் சொன்னது பதினொரு "ம்", இரண்டு "பாப்போம்". மிச்சமெல்லாம் நான். சின்ன வயதில் என்னோடு கோபம் வந்தால்கூட பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் எழுதித் தலையணைக்கு அடியில் வைக்கிற ஆள் நீங்கள். ஆகவே எழுதுங்கள், நானும் எழுதுகிறேன்.

இதை எழுதும்போது எங்கள் ஒபீஸுக்குப் பயிற்சி கொடுக்க வந்த மதுரைக்காரர் எட்டிப் பார்த்து, "தாத்தாவுக்கா எழுதுறீங்க? என்ன வயசு?" என்றார். நாற்பத்திரண்டு என்றேன். மனிதர் மிரண்டுபோனார். எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்போம் என்று விளங்கப்படுத்தியே தேநீர் ஆறிவிட்டது.

சரி, விஷயம். முனாப் நானா சொன்னது காதில் நிற்கிறது. "நோன்புத் தலைப்பிறை வரைக்கும் ருக்கியாக்கு டைம். அதுக்குள்ள கடை நிமிராட்டி பார்மஸிக்காரனுக்குக் குடுத்துருவேன்." வாப்பா மவுத்தான பிறகு, மலைச்சனத்திடம் மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் அந்தக் கடைக்கு, வீட்டின் மூத்த ஆண்பிள்ளை நானாவின் பேச்சுதான் முடிவு. பதினெட்டு வருஷம் அந்தக் கடையின் பின்னறையில் மிளகு புடைத்து, கராம்பு பொறுக்கிய ஆள் நீங்கள். கடை போனால் நீங்கள் எப்படிச் சுருங்கிப் போவீர்கள் என்று எனக்குத் தெரியும். விடமாட்டேன்!

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். முப்பத்தாறு கேள்விகள். நான் நடத்தும் பயிற்சியில் எல்லாருக்கும் கொடுப்பது. மனிதர் நாலு வகை: தீ, காற்று, நீர், நிலம். தன் வகையை அறியாமல் வியாபாரம் செய்கிறவன் அடுத்தவன் செருப்பைப் போட்டுக்கொண்டு மலை ஏறுகிறவன். நிரப்பி அனுப்புங்கள். எண்ணிப் பார்த்து வழி சொல்கிறேன். ஒரேயொரு நிபந்தனை, உண்மையை எழுத வேண்டும்.

வஸ்ஸலாம்.
உங்கள் வாயாடித் தங்கை
நுஹா


தெல்தெனிய
01.09.2024

அன்புத் தங்கச்சி நுஹாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

உம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. இரத்தத்தில் சீனி கொஞ்சம் கூட. வேனை இப்போது பிள்ளைகள் தள்ளுவதில்லை, வாத்தியார் ஒருவர் தள்ளுகிறார்.

உன் கடிதத்தின் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். தடித்த தாள், மேலே பொன் எழுத்தில் உன் கம்பனியின் பெயர், அதற்குக் கீழே உன் பெயர். உம்மாவிடம் காட்டினேன். உம்மா அதை முகர்ந்து பார்த்தார். ஏன் என்று கேட்காதே, மிளகுக் கடைக்காரன் பெண்சாதி வேறு என்ன செய்வார்?

எங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிறேன். முந்நூறு பேர் முன்னால் மைக்கைப் பிடித்துப் பேசுகிறாயாம். எனக்கு மூன்று பேர் கடைக்குள் ஒன்றாக வந்தாலே கை தராசைத் தேடும்.

கேள்வித் தாளை நிரப்ப மூன்று நாள் எடுத்தது. லேசான வேலை இல்லை. ஏழாம் கேள்வி: "புதியவர்கள் நிறைந்த அறைக்குள் நுழைந்தால் நடுவில் போய் நிற்பீர்களா, கதவோரம் நிற்பீர்களா?" பதினொன்றாம் கேள்வி: "எல்லாரும் தயங்கி நிற்கும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?" கனக்க யோசித்துத்தான் எழுதினேன். எல்லாவற்றுக்கும் பதில் போட்டாயிற்று.

கார்த்திகை பிறந்தால் மிளகு வரத் தொடங்கும். மார்கழியில் கராம்பு. தலைப்பிறைக்கு ஆறு மாதம் இருக்கிறது. நீ சொல்கிறபடி செய்கிறேன்.

துஆவுடன்,
ருக்கியா


தெஹிவளை
20.09.2024

தாத்தா! தாத்தா! ஸலாம் சொல்ல மறந்துவிட்டேன், அஸ்ஸலாமு அலைக்கும்.

தீ! நீங்கள் தீ! முப்பத்தாறில் முப்பத்திரண்டு பதில் தீ. நான் மூன்று தரம் எண்ணினேன். திருத்திய தாளையும், நாலு வகையையும் விளக்கும் எங்கள் பயிற்சியின் சின்னப் புத்தகத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். முந்நூறு பேரில் நாலைந்து பேருக்குத்தான் இப்படி வரும். என் தாத்தாவா இது! பதினெட்டு வருஷம் பின்னறையில் உட்கார்த்தி வைத்து வாப்பா ஒரு நெருப்பை மூடி வைத்திருந்தாரா? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இனிக் கேளுங்கள். தீ வகைக்காரர் பின்னால் உட்காரக் கூடாது. கடையின் வாசலில் நிற்க வேண்டும். வருகிறவரோடு முதலில் நீங்கள்தான் பேச வேண்டும். முடிவு உடனே, முகத்துக்கு நேரே. உங்கள் படத்தைப் போட்டு ஒரு பெரிய பெனர் அடியுங்கள். த்ரீவீலில் லவுட்ஸ்பீக்கர் கட்டி கிராமம் கிராமமாகப் போங்கள். வருகிறவரை உட்கார்த்தும் அந்தப் பழைய கதிரையையும், ஒவ்வொருவருக்கும் பால் விடாத பிளேன்டி ஊற்றுவதையும் விடுங்கள். நேரம் போகிறது.

நான் பெருமையாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன், என் தாத்தாவும் என்னைப் போல என்று.

உம்மாவுக்கு ஸலாம். சீனிக் குளிசையை மறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள்
நுஹா


தெல்தெனிய
03.11.2024

அன்புத் தங்கச்சிக்கு அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

பெனர் அடித்தாயிற்று. பத்தடி நீளம். அதில் நான் சிரிக்கிறேன். அஸ்ஃபர் மச்சான் பார்த்துவிட்டு, "கலியாணப் போட்டோல கூட நீ இப்பிடிச் சிரிக்கல்லியே" என்றார்.

த்ரீவீலிலும் போனேன். என் குரலைப் பதிந்து ஓடவிட்டோம். "மிளகு, கராம்பு, சாதிக்காய்! நல்ல விலைக்கு எடுப்போம், ருக்கியாவிடம் கொண்டு வாங்க!" சிங்களத்திலும் தமிழிலும். பாதையில் ஒரு நாய் எங்களை இரண்டு மைல் தூரம் துரத்தி வந்தது. அதற்குத்தான் என் அழைப்பு நன்றாக விளங்கியது போல.

வாசலில் நிற்கிறேன். வருகிறவர்களோடு நான் முதலில் பேசுகிறேன். நீ பேசுவது போலத்தான் பேசிப் பார்க்கிறேன், கையைக்கூட உன்னைப் போல ஆட்டுகிறேன். பின்னேரமாகும்போது தொண்டை கட்டி, தலை இடிக்கிறது. அது பழக்கமில்லாததால் இருக்கும்.

ஆட்கள் வந்து பார்க்கிறார்கள். சரக்கு அவ்வளவாக இறங்கவில்லை. பன்வில வீரய்யாவை உனக்கு நினைவிருக்கும், தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் மிளகுக்கொடி வைத்திருக்கிறவர். மூன்று கடையைத் தாண்டி வாப்பாவிடம் வருவாரே. அவர் இன்னும் வரவில்லை.

உன் போன கடிதத்தின் உறையில் வெளிப்பக்கம் விலாசம் இல்லை. பழைய விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

வஸ்ஸலாம்.
ருக்கியா


தெஹிவளை
18.11.2024

தாத்தாவுக்கு ஸலாம்.

சுகம். கொஞ்சம் வேலை கூட, அதுதான் கொப்பித் தாளில் அவசரமாக எழுதுகிறேன். கடிதங்களை இனி ஒபீஸுக்கு அனுப்ப வேண்டாம், நான் அங்கே இருப்பது குறைவு. கீழே இருக்கிற அறை விலாசத்துக்குப் போடுங்கள்.

தொண்டை கட்டினால் கொத்தமல்லி குடியுங்கள். தளர வேண்டாம். தீ ஒருநாளும் பின்னுக்குப் போகாது. நீங்கள் ஜெயிப்பதை நான் பார்க்க வேண்டும் தாத்தா. இந்த நேரத்தில் எனக்கு அது கட்டாயம் தேவை.

நுஹா


தெல்தெனிய
22.12.2024

அன்பான என் தங்கச்சிக்கு அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் சுகம். நான் மட்டும் உன்னிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

வீரய்யா போன செவ்வாய் வந்தார். ஒரு சாக்கு மிளகு, பன்வில பஸ்ஸில் ஏற்றி, கண்டிப் பக்கம் சுற்றி, தோளில் தூக்கி வந்திருந்தார். கடையில் ஆறேழு பேர். நான் வாசலில் நின்றேன். சாக்குக்குள் கையை விட்டேன். அடியில் ஈரம்.

வாப்பா காலத்திலிருந்து இப்படி வந்தால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியாது, நீ பின்னறைக்கு வந்ததே இல்லை. நான் ஈரம் என்று சொல்வதில்லை. கதிரையைப் போட்டுப் பிளேன்டி கொடுப்பேன். "மார்க்கட்டுக்குப் போகவேண்டிய வேல இருந்தா முடிச்சிட்டு வாங்க" என்பேன். சாக்கைப் பின் முற்றத்துக்குக் கொண்டுபோய்ப் சாக்குப் படங்கில் விரித்துக் காயவைப்பேன். அவர்கள் திரும்பி வரும்போது மிளகு கலகலவென்று இருக்கும். அப்போதுதான் தராசு. எடை ஏன் குறைந்தது என்று அவர்களும் கேட்கமாட்டார்கள். நானும் சொல்லமாட்டேன். இரண்டு பேருக்கும் விளங்கும்.

அன்றைக்கு நான் தீ அல்லவா? உடனே, முகத்துக்கு நேரே. "என்ன வீரய்யாண்ணன், சரக்கு முழுக்க ஈரமா ஈக்கிதே!" என்று கையை ஆட்டிச் சத்தமாகச் சொன்னேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வீரய்யா சாக்கின் வாயைச் சுருட்டிப் பிடித்தார். "நம்ம சரக்கு ஈரந்தாம்மா. நாலு நாளா மலையில மழை. அதுக்காக நாலு பேரு முன்னாடி சொல்லணுமா? எங்கள ஏமாத்துறவங்கன்னு நெனச்சிட்டீங்களே" என்றார். சாக்கைக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார். வந்திருந்த மற்றவர்களில் நாலு பேர் அவர் பின்னால் போனார்கள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது.

இனி மறைக்க முடியாது. நுஹா, அந்தத் தாளில் நான் என்னை எழுதவில்லை. முதல் கேள்விக்கே என்ன போடுவதென்று தெரியவில்லை. "தங்கச்சி என்றால் என்ன செய்வாள்?" என்று யோசித்தேன், பதில் உடனே வந்தது. பிறகு எல்லாக் கேள்விக்கும் அப்படியே. பதினொன்றாம் கேள்விக்கு, ஒன்பது வயதில் கண்டி பஸ் ஸ்டான்டில் நீ செய்தது ஞாபகம் வந்தது. உம்மாவை ஏற்றாமல் பஸ் நகர்ந்தபோது நாங்கள் எல்லாரும் வாயைப் பிளந்து நின்றோம். நீ குதித்து இறங்கி பஸ்ஸுக்கு முன்னால் கையை விரித்து நின்றாய். கொண்டக்டர் உன்னை ஏச வந்து, சிரித்துவிட்டுப் போனார். "தயங்கமாட்டேன், முன்னால் போவேன்" என்று எழுதினேன். அது நீதான். உன்னைப் போல ஒரு நாளாவது இருக்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா?

உண்மையை எழுது என்றாய். நான் எழுதியது உண்மைதான், ஆள்தான் வேறு. நீ நிபந்தனை போட்டும் இப்படிச் செய்த தாத்தாவை மன்னித்துவிடு. நீ திருத்தித் திருப்பி அனுப்பிய தாளை இதோடு வைக்கிறேன். அது உன்னுடையது, நீயே வைத்துக்கொள்.

வஸ்ஸலாம்.
ருக்கியா


தெல்தெனிய
19.01.2025

தங்கச்சி, அஸ்ஸலாமு அலைக்கும்.

நாலு கிழமை, ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. போனிலும் "அப்புறம் எடுக்கிறேன்" என்கிறாய். கோபமாக இருந்தால் ஏசி எழுது, எழுதாமல் இருக்காதே. சாப்பிடுகிறாயா?

நான் பன்வில போனேன். கொண்டுபோனது ஒரு பக்கட் பிஸ்கட், ஒரு கட்டு வெற்றிலை. வீரய்யாவின் வீட்டு வாசலில் போய் நின்றேன். பஸ்ஸில் யோசித்து வைத்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. அவர் பார்த்தார். "உள்ள வாங்கம்மா" என்றார். உட்கார்ந்தேன். அவர் பேசினார். மழையைப் பற்றி, கொடியில் விழுந்த நோயைப் பற்றி, வாப்பா ஒருமுறை தன் மகளுடைய கலியாணத்துக்கு வந்ததைப் பற்றி. இரண்டு மணித்தியாலம். நான் "ம்" என்றேன். உனக்குத் தெரிந்த அதே "ம்"தான். எழும்பும்போது, "நீங்க வந்ததே போதும்மா" என்றார். படிக்கட்டு இறங்கும்போது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வந்து, உன் கேள்வித் தாளில் எழுதாத பிரதி ஒன்றை முன்பு போட்டோகொப்பி எடுத்து வைத்திருந்தேன், அதை எடுத்தேன். இந்த முறை பென்சிலால், எனக்காக. ஏழாம் கேள்வி: கதவோரம். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் போட்டேன். எண்ணிப் பார்த்தால் நிலம். உன் சின்னப் புத்தகத்தில் நிலத்துக்கு எழுதியிருப்பதை வாசித்தேன். "பேச்சால் வெல்லமாட்டார். அவரிடம் மற்றவர்கள் பேசுவார்கள். பழகிய வழியில் விட்டால் அசைக்க முடியாது." நுஹா, இதை எழுதியது நீயா? எவ்வளவு சரியாக எழுதியிருக்கிறாய்! தாளில் பிழை இல்லை, என்னில்தான் பிழை.

கதிரை திரும்ப வந்துவிட்டது. பிளேன்டியும். பெனரைக் கழற்றிவிட்டேன், எறியவில்லை. அதைத் திருப்பிப் போட்டுப் பின் முற்றத்தில் கராம்பு காயவைக்கிறேன். படங்கை விட நல்லது. என் சிரிப்பு அடியில் இருக்கிறது.

பதில் எழுது.

ருக்கியா


தெஹிவளை
02.02.2025

தாத்தாவுக்கு ஸலாம். சுகம். கோபம் ஒன்றுமில்லை. அந்தத் தாள் கிடைத்தது. வேலை கூட, பிறகு எழுதுகிறேன். கடை நல்லா வரும், இன்ஷா அல்லாஹ்.

நுஹா


தெல்தெனிய
14.02.2025

என் தங்கச்சி நுஹாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகம் என்று எழுதியிருக்கிறாய். அல்ஹம்துலில்லாஹ்.

முதலில் நல்ல செய்தி. நேற்று முனாப் நானா கண்டியிலிருந்து காலை எட்டு மணிக்கே வந்தார். பார்மஸிக்காரனும் கூடவே, அளக்கிற டேப்போடு. கடைக்குள் கால் வைக்க இடமில்லை. வீரய்யா, அவரோடு பன்விலவிலிருந்தும் மடுல்கெல்லவிலிருந்தும் பதினொரு வீட்டார் ஒரு லொறி பிடித்து மிளகும் கராம்புமாக வந்திருந்தார்கள். தெல்தெனியச் சிங்கள ஆட்கள் வேறு. பின் முற்றம் முழுக்கச் சரக்கு காய்கிறது. நானாவுக்கு உட்கார இருந்தது அந்தப் பழைய கதிரைதான். ஒருவர் வந்ததும் எழும்பிக் கொடுத்தார், இன்னொருவர் வந்ததும் எழும்பிக் கொடுத்தார். கடைசியில் நானாவே கேத்தலைத் தூக்கிப் பிளேன்டி ஊற்றினார். நீ பார்த்திருக்க வேண்டும்!

பின்னேரம் கேட்டார்: "நீ வாயே தொறக்கல்லியே ருக்கியா. எப்பிடி இவ்வளவு சனம்?"

"அவங்க பேசினாங்க நானா, நான் கேட்டேன்" என்றேன்.

நானா பார்மஸிக்காரனிடம், "தம்பி, வேற எடம் பாருங்க" என்றார். அவ்வளவுதான். கடை எனக்கு. இது நீ தந்த கடை நுஹா. உன் தாள் இல்லாவிட்டால் நான் இன்னும் என்னைக் குறைபாடுள்ளவள் என்றே நினைத்துக்கொண்டிருப்பேன்.

இனி ஒரு உதவி. சரக்கு வந்து குவிகிறது, ஆள் போதாது. மாத்தளை ஏற்றுமதிக்காரர்கள் போனில் ஒரே பேச்சு. விலை கேட்டு வாதாட, லொறிக்காரனை அதட்ட, எனக்கு வராது. அஸ்ஃபர் மச்சானுக்கு வேன் வேலை இருக்கிறது. உனக்கு லீவு எடுக்க முடியுமென்றால் நோன்புக்கு முன் வா. எத்தனை நாள் என்று நான் கேட்கமாட்டேன். உன் அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன். உம்மாவிடம், சீசனுக்கு உதவிக்குக் கூப்பிட்டிருக்கிறேன் என்று சொல்லியாயிற்று.

வஸ்ஸலாம்.
ருக்கியா


தெஹிவளை
21.02.2025

தாத்தா, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். முதல் தரம் கடைக்காகச் சந்தோஷத்தில் துள்ளினேன். நாலாம் தரம்தான் விளங்கியது, கடைசிப் பகுதியில் நீங்கள் செய்திருப்பது என்னவென்று. கதிரையைப் போட்டிருக்கிறீர்கள். பிளேன்டியும் ஊற்றிவிட்டீர்கள். ஒரு சொல்லும் சொல்லவில்லை.

நானே சொல்கிறேன். கம்பனி மூடி ஐந்து மாதம். உங்கள் தாளைத் தீ என்று எண்ணினேனே, அதே கிழமைதான். பொன் எழுத்துத் தாளில் கடைசியாக மிஞ்சியதில் உங்களுக்கு எழுதினேன். பங்காளி விலகினார், பயிற்சிக்கு ஆட்கள் குறைந்தார்கள், நான் எல்லாரையும் விட உரத்துப் பேசினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சரியாகவில்லை. பெரிய வாயாடி நான், இதை வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. உங்கள் வெற்றியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம் என்று பார்த்தேன். அதற்காகத்தான் உங்களை அப்படி விரட்டினேன். வீரய்யாவுக்குச் செய்த பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

இன்னொன்று. முந்நூறு பேருக்கு அந்தத் தாளைக் கொடுத்தவள், எனக்கென்று ஒருமுறையும் நிரப்பியதில்லை. பார்க்கப் பயம். டிசம்பரில் அந்த முப்பத்தாறு பதிலும் உங்கள் கையெழுத்தில், என்னைப் பற்றியது என்று திரும்பி வந்தது. அறையில் தனியாக இருந்து வாசித்தேன். தயங்கமாட்டாள், நடுவில் நிற்பாள், விழுந்தால் சிரித்துக்கொண்டு எழும்புவாள். யார் இந்தப் பெண் என்று தேடினேன். நான் ஐந்து மாதமாகக் கதவோரம்தான் நிற்கிறேன் தாத்தா. அழுது முடிந்ததும் அதைச் சுவரில் ஒட்டினேன்.

நான் முழுக்க ஈரம். இப்படியே வரலாமா?

நுஹா


தெல்தெனிய
24.02.2025

என் தங்கச்சிக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

எனக்குத் தெரியும். கொப்பித் தாளில் எழுதினாயே, அன்றைக்கே தெரியும். உறையில் விலாசம் இல்லாதபோதே கொஞ்சம் தெரியும். கேட்காமல் இருந்தது என் வகை, நீயே பிரித்து எழுதியிருக்கிறாயே.

சுவரில் இருக்கிற தாளைக் கவனமாகக் கழற்றிக் கொண்டுவா. ஒரு பதிலையும் அழிக்காதே. பதினெட்டு வருஷம் சாக்குக்குள் கையை விட்டுச் சரக்குப் பார்த்தவள் நான். மேலே ஈரமாக இருந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று இந்தக் கைக்குத் தெரியும். உன் விஷயத்திலும் அதற்குப் பிழை நேரவில்லை.

மாத்தளைக்காரன் இன்றும் இரண்டு தரம் போன் எடுத்தான். "ம்" என்று வைத்துவிட்டேன். அவனை உனக்கென்று விட்டு வைத்திருக்கிறேன்.

உம்மா நீ வருவதற்கு கருப்பட்டி போட்டு வட்டிலப்பம் அவிக்கிறேன் என்கிறார், அவருடைய சீனியைக் கவனிக்க நீ வந்தால்தான் அடங்குவார். வியாழக்கிழமை பஸ் ஏறு. கண்டியில் அஸ்ஃபர் மச்சான் வேனோடு நிற்பார். தள்ள வேண்டி வந்தால் தள்ளு.

இந்தக் கிழமை முழுக்க இங்கே நல்ல வெயில். வா.

ருக்கியா